எட்டு வயசு கேமிங் லேப்டாப்: வைத்தியம் பார்க்கலாமா, வழியனுப்பலாமா?

1/
இது மருத்துவப் பதிவு இல்லை. ஆனா பாதி மருத்துவம்தான். கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

உங்க வீட்ல பழைய கேமிங் லேப்டாப் ஒண்ணு இருக்கா? "இதுக்கு ரேம் போடலாமா, எஸ்எஸ்டி போடலாமா, இல்ல பேசாம புதுசே வாங்கிடலாமா"ன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கீங்களா? அப்படின்னா இது உங்களுக்குத்தான்.

2/
இந்தப் பொங்கல் லீவுக்கு அக்கா பையன் லால்குடியிலிருந்து திருச்சிக்கு என் வீட்டுக்கு வந்தான். இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ். வழக்கமா வந்ததும் ஃபிரிட்ஜைத்தான் திறப்பான். இந்த முறை பையைத் திறந்து லேப்டாப்பை எடுத்து மேசை மேல வச்சான்.

"மாமா, இது செத்துப் போச்சு. புதுசு பார்த்து வச்சிருக்கேன். 85,000. அப்பா சரின்னு சொல்லிட்டாங்க. நல்ல மாடல்தானான்னு மட்டும் நீங்க பார்த்துச் சொல்லுங்க."

3/
அந்தப் பழைய லேப்டாப் என்னுடையது. 2017 கடைசியில், எம்டி படிக்கும்போது, ஸ்டைபண்ட் சேர்த்து 78,000 ரூபாய்க்கு வாங்கினேன். இன்டெல் ஐ7-7700எச்க்யூ பிராசசர், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். அன்னைக்கு ஹாஸ்டல்ல அதுதான் ராஜா.

தீசிஸ் எழுதினது அதில்தான். நைட் டியூட்டி முடிச்சு தூக்கம் வராம விளையாடினதும் அதில்தான். அப்போ இவனுக்கு 11 வயசு. லீவுக்கு வந்தா கார் ரேஸ் விளையாட விடுவேன். 2024-ல் காலேஜ் சேர்ந்தப்போ லேப்டாப்பை அவனுக்கே கொடுத்துட்டேன்.

4/
அன்னைக்கு ராத்திரி அக்கா போன் பண்ணினாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"தம்பி, அவன்கிட்ட சொல்லிடாத. அத்தான் சீட்டைத் தள்ளி எடுக்கப் போறாராம்."

அத்தான் சின்ன மளிகைக் கடை வச்சிருக்கார். 1 லட்ச ரூபாய் சீட்டு ஒண்ணு கட்டிட்டு வர்றார். இப்பவே எடுத்தா தள்ளு, கமிஷன் எல்லாம் போக கைக்கு 85,000 வரும். கணக்கு சரியா லேப்டாப் விலைக்கு வந்து நின்னுச்சு. அந்தச் சீட்டு உண்மையில் எதுக்குன்னா, பிளஸ் டூ படிக்கிற சின்னவளுக்கு ஜூன் மாசம் காலேஜ் ஃபீஸ் கட்ட.

"ரூம்ல எல்லாப் பசங்ககிட்டயும் புதுசு இருக்காம். நம்ம பையன் மட்டும் குறைஞ்சு தெரியக் கூடாதுன்னு இவருக்கு. அவ ஃபீஸுக்கு அப்ப பார்த்துக்கலாம்கிறார்."

5/
"நீங்க டாக்டர்தானே, நீங்களே வாங்கிக் கொடுத்துட வேண்டியதுதானே"ன்னு கமெண்ட்ல கேப்பீங்க. கேட்டேன். மறுநாள் காலையிலேயே அத்தானுக்குப் போன் போட்டேன். சிரிச்சார். "வேண்டாம் மாப்ள. என் புள்ளைக்கு நான் வாங்கிக் கொடுக்கணும்"ன்னார். அதுக்கு மேல பேசினா மரியாதையா இருக்காது.

எனக்கு மிச்சம் இருந்தது ஒண்ணுதான். அந்தச் சீட்டுப் பணத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி, அந்த லேப்டாப் உண்மையிலேயே செத்துப் போச்சான்னு பார்க்கிறது.

6/
இங்க ஒரு தப்பை ஒத்துக்கணும். போன வருஷமே "மாமா, ரொம்ப ஸ்லோ"ன்னு போன்ல சொன்னான். நான் ஓபியில இருந்தேன். "ரேம் கம்மிடா, இன்னொரு 8 ஜிபி போடு"ன்னு சொல்லி 1,900 ரூபாய்க்கு ஆர்டர் போட்டு அனுப்பிட்டேன்.

ரேம் 16 ஜிபி ஆச்சு. ஆன் ஆக அஞ்சு நிமிஷம் எடுத்தது, அப்பவும் அஞ்சு நிமிஷமே எடுத்தது.

நோயாளியைப் பார்க்காம போன்ல மருந்து எழுதக் கூடாதுன்னு ஜூனியர்களுக்குப் பாடம் எடுக்கிற ஆள் நான். லேப்டாப்புன்னு வந்தப்போ அதையேதான் செஞ்சிருக்கேன்.

7/
அதனால இந்த முறை முறைப்படி ஆரம்பிச்சேன். "உடம்பு சரியில்ல"ன்னு வர்றவருக்கு எதுவும் எழுத முடியாது. காய்ச்சலா, வலியா, எங்க வலிக்குது, எப்ப இருந்துன்னு கேக்கணும். பேப்பர் பேனா கொடுத்து, "செத்துப் போச்சுன்னு சொல்லாத. என்னென்ன தொந்தரவுன்னு தனித்தனியா எழுது"ன்னேன். அஞ்சு எழுதினான்.

ஒண்ணு: ஆன் ஆக அஞ்சு நிமிஷம்.
ரெண்டு: கேம் முதல் பத்து நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் திக்குது.
மூணு: சார்ஜ் இருபது நிமிஷம் கூட நிக்கல. டச்பேடும் சரியா அமுங்கல.
நாலு: புது கேம் எதுவும் திறக்கவே மாட்டேங்குது.
அஞ்சு: விண்டோஸ் 11 ஏறல.

நீங்களும் இதைச் செய்யுங்க. அஞ்சு புகார்னா அஞ்சும் ஒரே வியாதியா இருக்கணும்னு இல்லை. சிலதுக்கு மருந்து உண்டு. சிலதுக்கு மருந்தே கிடையாது. எது எதுன்னு பிரிக்கிறதுதான் முடிவெடுக்கிறதுல பாதி.

8/
முதல் புகார். ஆன் பண்ணி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தோம். பிராசசர் 15 சதவீதம். ரேம் பாதி கூட நிரம்பல. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்துல நின்னுக்கிட்டு இருந்தது. வியாதி அங்கதான்.

ஹார்ட் டிஸ்க்ங்கிறது உள்ளே சுத்துற தட்டு. ஒரு சின்னக் கை அங்கயும் இங்கயும் ஓடி ஓடித் தகவலைப் படிக்கணும். விண்டோஸ் ஆரம்பிக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்கும். அந்தக் கைதான் பாவம் ஓடும். எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, கையும் இல்லை, எல்லாம் சிப். நான் வாங்கி அனுப்பின ரேம் வீண்னு சொல்ல மாட்டேன், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ஓட அது தேவைதான். ஆனா இந்தப் புகாருக்கு அது மருந்து இல்லை.

9/
கூடவே ஹார்ட் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டுற ஒரு இலவச மென்பொருளைப் போட்டோம். 'எச்சரிக்கை'ன்னு மஞ்சள் நிறத்துல காட்டுச்சு. தட்டுல சில இடங்கள் கெட்டுப் போக ஆரம்பிச்சிருக்கு. நாளைக்கும் நிக்கலாம், ரெண்டு வருஷம் ஓடவும் செய்யலாம்.

இந்த இழையில ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வச்சுப்பீங்கன்னா இதை வச்சுக்கோங்க: பழைய மெஷினில் எதைத் தொடுறதுக்கும் முன்னாடி காப்பி எடுங்க. ரிப்பேர், அப்கிரேடு, விற்பனை எல்லாம் அதுக்கு அப்புறம்.

காப்பி எடுக்கும்போது என் தீசிஸின் பதினாலு 'ஃபைனல்' வெர்ஷன் கிடைச்சது. கார் ரேஸ்ல இவன் பேர்ல ஒரு சேவ் ஃபைலும் இருந்தது. 2018 மே மாசத்தது. "இதையும் எடுத்து வைங்க மாமா"ன்னான்.

10/
ரெண்டாவது புகார். வெப்பநிலை காட்டுற மென்பொருளைப் போட்டுவிட்டு கேமை ஓட விட்டோம். எட்டாவது நிமிஷம் பிராசசர் 97 டிகிரி. இந்த பிராசசருக்கு இன்டெல் வச்சிருக்கிற எல்லை 100 டிகிரி. அந்த எல்லையை நெருங்கினதும் அது தானாவே வேகத்தைக் குறைச்சுக்கிட்டது. 3.4 கிகாஹெர்ட்ஸில் ஓடினது 2-க்குக் கீழ போச்சு. அவன் 'திக்குது'ன்னு சொன்னது இதைத்தான்.

இது பழுது இல்லை. தற்காப்பு. காய்ச்சல் வந்தா உடம்பு நம்மளைப் படுக்க வைக்குதே, அந்த மாதிரி. படுக்கையைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. காய்ச்சல் ஏன்னு பார்க்கணும்.

11/
காரணம் ரெண்டு. ஃபேனுக்குப் பக்கத்துல சூடு வெளியேறுற மெல்லிய தகடுகளுக்கு நடுவில் எட்டு வருஷத் தூசி, கம்பளி மாதிரி அடைஞ்சிருக்கும். இன்னொன்னு, பிராசசருக்கும் அதன் மேல இருக்கிற செம்புத் தகட்டுக்கும் நடுவில் பூசுற தெர்மல் பேஸ்ட். அது காய்ஞ்சு பொடியாயிருக்கும்.

"எங்க வச்சு விளையாடுவ?"ன்னு கேட்டேன். "பெட் மேலதான்." மெத்தை மேல வச்சா கீழே இருக்கிற காற்று வழி முழுக்க மூடிக்கும். தலகாணியை முகத்துல அமுக்கிக்கிட்டு ஓடச் சொல்ற மாதிரி.

12/
மூணாவது புகாரில்தான் எனக்கே வயித்தைக் கலக்கிடுச்சு.

டச்பேடு அமுங்கலன்னு சொன்னான் இல்லையா? லேப்டாப்பை மூடி, மேசை மேல வச்சு, கண்ணு மட்டத்துல பார்த்தேன். நடுப்பகுதி லேசா மேடா இருந்தது. மேசையில் சமமா உட்காராம ஆடுச்சு. பல லேப்டாப்ல டச்பேடுக்கு நேர் கீழதான் பேட்டரி இருக்கும். பேட்டரி உப்பி, டச்பேடை மேல தள்ளிக்கிட்டு இருந்தது.

லித்தியம் அயன் பேட்டரி வயசானாலோ சூடு பட்டாலோ உள்ளே இருக்கிற ரசாயனம் சிதைஞ்சு வாயு உண்டாகும். அந்த வாயுதான் அந்த உப்பல். அதை ஹாஸ்டல் பெட்ல தலைமாட்டில் வச்சு, சார்ஜ் போட்டபடியே தூங்கியிருக்கான். மாசக் கணக்கா.

13/
இதைக் கொஞ்சம் கவனமாப் படிங்க.

• டச்பேடு மேலெழும்பினாலோ, அடிமூடி பிதுங்கினாலோ, லேப்டாப் சரியா மூடலைன்னாலோ பேட்டரியைச் சந்தேகப்படுங்க.
• உடனே ஆஃப் பண்ணி சார்ஜரைக் கழட்டுங்க. மறுபடி சார்ஜ் போடாதீங்க.
• அமுக்கிப் பார்க்காதீங்க. குத்தி வாயுவை வெளியேத்தலாம்னு நினைக்கவே நினைக்காதீங்க.
• பழக்கம் இல்லைன்னா நீங்களே கழட்டாதீங்க. பார்த்துப் பழகின டெக்னீஷியன்கிட்ட கொடுங்க.
• கழட்டின பேட்டரி வீட்டுக் குப்பைக்குப் போகக் கூடாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள்படி அதைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிக்கிற இடத்திலோ கொடுங்க.
• புகையோ தீயோ வந்தா லேப்டாப்பைக் காப்பாத்தப் போகாதீங்க. அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், நுரையீரலைப் புண்ணாக்கும். எல்லாரும் வெளியே வந்து 101-க்குக் கூப்பிடுங்க.

நாங்க அந்த நிமிஷமே ஆஃப் பண்ணிட்டோம். நல்லவேளை, காப்பி எடுத்து முடிச்சிருந்தோம்.

14/
நாலாவது புகார்: புது கேம் திறக்கல. இதுக்கு மருந்து இல்லை. அதை நேராச் சொல்லிடணும்.

டெஸ்க்டாப்ல கிராஃபிக்ஸ் கார்டைக் கழட்டி வேற மாட்டலாம். இந்த லேப்டாப்ல பிராசசரும் கிராஃபிக்ஸ் சிப்பும் போர்டோட சேர்த்துப் பற்றவச்சவை. ரேம் 16 இல்ல 32 போட்டாலும் 1050 டிஐ 1050 டிஐதான்.

2024-ல் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமும் 2025-ல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் வசதி உள்ள கிராஃபிக்ஸ் கார்டு கண்டிப்பா வேணும்னு கேட்கும். இதில் அது கிடையாது. மெதுவா ஓடும்ங்கிற பேச்சே இல்லை. மேலும் இந்தத் தலைமுறை கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தர்றதை 2025 அக்டோபரோட என்விடியா நிறுத்திடுச்சு. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரைக்கும் வரும்.

15/
அஞ்சாவது: விண்டோஸ் 11. இன்டெல்லில் பொதுவா எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் ஏத்துக்குது. 7700எச்க்யூ ஏழாம் தலைமுறை. ஒரு தலைமுறையில் கோட்டை விட்டாச்சு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது.

ஆனா வீட்டு உபயோகத்துக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை இருக்கு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் சைன்-இன் பண்ணி, செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் பண்ணினா கட்டணம் இல்லாமலே சேரலாம். இவன் சேரவே இல்லை. அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியல.

அதுக்கு அப்புறம்? லினக்ஸ். புரோகிராமிங் படிக்கிற பையனுக்கு அது தண்டனை இல்லை, பாடம். ஸ்டீமில் இருக்கிற நிறைய கேம் லினக்ஸிலும் ஓடும். ஆனா இவன் ராத்திரி பகலா விளையாடுற வேலரன்ட் லினக்ஸில் ஓடாது. அதையும் மறைக்காம சொன்னேன்.

16/
நடுவில் ஒரு கடைக்கும் தூக்கிட்டுப் போனோம். திருப்பி ஒரு தடவை பார்த்தார், ஒரு ஸ்க்ரூவைக் கூடக் கழட்டல. "மதர்போர்டு வீக் சார். 22,000 ஆகும். பேசாம எக்ஸ்சேஞ்ச்ல போடுங்க, 9,000 எடுத்துக்கறேன்."

நோயாளிகளுக்கு நான் சொல்றதுதான் உங்களுக்கும்: பெரிய செலவு, திரும்பப் பெற முடியாத முடிவுன்னா ரெண்டாவது ஆள்கிட்டயும் கேளுங்க. ரெண்டாவது கடைக்காரர் திறந்து, பேட்டரியைக் காட்டி, "இதை முதல்ல எடுத்துடலாம் சார்"ன்னு சொன்னார். போர்டில் ஒரு குறையும் இல்லை.

17/
சரி, என்ன வியாதின்னு தெரிஞ்சாச்சு. வைத்தியம் பார்க்கலாமா வேண்டாமா?

எண்பது தாண்டின பாட்டியைக் கூட்டிட்டு வர்றாங்க. முழங்கால் வலி, கண்ணு மங்கல், கொஞ்சம் சர்க்கரை. நான் அவங்களை இருபது வயசுக்காரியா ஆக்கப் போறதில்லை. "பாட்டி, உங்களுக்கு என்ன செய்ய முடிஞ்சா போதும்?"னு கேட்பேன். "வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நானே நடந்து போய்ட்டு வரணும்"பாங்க. அவ்வளவுதான் இலக்கு. அந்த இலக்குக்கு வேண்டிய மருந்து மட்டும்தான் எழுதணும்.

லேப்டாப்புக்கும் அதே கேள்விதான். இதை எப்படிப் புதுசாக்கலாம்னு கேட்காதீங்க. இது என்ன செஞ்சா எனக்குப் போதும், எத்தனை நாளைக்குன்னு கேளுங்க.

18/
"உனக்கு என்ன வேணும்?"னு அவனைக் கேட்டேன்.

காலேஜுக்கு: ஜாவா, பைத்தான், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ. மெஷின் லேர்னிங் லேபை எல்லாரும் கூகுள் கொலாபில்தான் செய்றாங்க, அது கூகுளோட கம்ப்யூட்டரில் ஓடுறது.
விளையாட்டுக்கு: வேலரன்ட், எப்பவாவது பழைய கேம்.

"அப்புறம் ஜிடிஏ 6 மாமா. அதுக்காகத்தான் முக்கியமா."

"அது எப்போ வருது?"
"நவம்பர் 19."
"எதுல?"
போனை எடுத்துத் தேடினான். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ். கம்ப்யூட்டருக்குத் தேதியே அறிவிக்கல.

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் அவனே சிரிச்சுட்டான்.

19/
இப்போ கணக்கு. மொத்த விலையை மொத்த விலையோட ஒப்பிடாதீங்க. மாசத்துக்கு எவ்வளவுன்னு பாருங்க.

புதுசு: சீட்டுத் தள்ளோட சேர்த்து அத்தானுக்கு அதன் உண்மையான விலை 1 லட்சம். அஞ்சு வருஷம் உழைக்கும்னு வச்சுக்கிட்டா 60 மாசம். மாசத்துக்கு ஏறக்குறைய 1,667 ரூபாய்.

பழசு: கடைசி வருஷம் ஆரம்பிக்கிற வரைக்கும், அதாவது இன்னும் 18 மாசம் ஓடினாப் போதும். எஸ்எஸ்டி 4,900, பேட்டரி 3,400, தூசி எடுத்து பேஸ்ட் பூச 900. மொத்தம் 9,200. மாசத்துக்கு ஏறக்குறைய 511 ரூபாய்.

இதே ரிப்பேருக்கு 30,000 கேட்டிருந்தா? 18 மாசத்துக்கு வகுத்துப் பாருங்க, அதுவும் 1,667 வரும். அந்த இடத்துல நான் கண்ணை மூடிக்கிட்டு புதுசு வாங்கச் சொல்லியிருப்பேன். ஏன்னா புதுசில் வாரன்டியும் இருக்கு, புது கேமும் ஓடும். உங்க கோடு எங்க இருக்குன்னு இப்படித்தான் கண்டுபிடிக்கணும்.

20/
இன்னொரு சல்லடையும் போடுங்க. வாங்குற பாகம் அடுத்த லேப்டாப்புக்குக் கூட வருமா?

எஸ்எஸ்டி: பெரும்பாலும் வரும். வாங்குறதுக்கு முன்னாடி உங்க லேப்டாப்ல எம்.2 ஸ்லாட் இருக்கா, அது என்விஎம்இ ஏத்துக்குமா, சாட்டா மட்டும்தானான்னு மாடல் பேரைப் போட்டுத் தேடிப் பாருங்க. எம்.2 இல்லைன்னா ஹார்ட் டிஸ்க் இருக்கிற இடத்துல 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போடலாம். அதுவே பெரிய வித்தியாசம் காட்டும்.

ரேம்: பழசு டிடிஆர்4. இப்போ வர்ற புது லேப்டாப்ல பெரும்பாலும் டிடிஆர்5, அதில் இது பொருந்தாது. அதோட 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறா ஏறியிருக்கு. ஏஐ சர்வர்களுக்கே மெமரி சிப் போய்க்கிட்டு இருக்கு. போன வருஷ விலையை மனசுல வச்சுக்கிட்டு கடைக்குப் போகாதீங்க.

பேட்டரி: கூட வராது. ஆனா இது பாதுகாப்பு. இதில் பேரம் இல்லை. பழைய பேட்டரி லேபிளில் இருக்கிற பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்க. ரொம்ப மலிவா கிடைச்சா சந்தேகப்படுங்க.

21/
இவ்வளவும் பேசின பிறகு கடைசிக் கேள்வி ஒண்ணு இருந்தது. அக்கா சொல்லாதன்னு சொன்ன விஷயம்.

நான் சொல்லல. "85,000 அப்பா எங்கிருந்து எடுக்கறார்னு கேட்டியா?"ன்னு மட்டும் கேட்டேன்.

"கடையில இருக்கும்ல மாமா."

"கேட்டுப் பாரேன்."

போனை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனான். அரை மணி நேரம் கழிச்சு இறங்கி வந்தான். முகத்தைக் கழுவியிருந்தான்.

"அது பாப்பா ஃபீஸ் காசா மாமா?"

நான் தலையாட்டினேன்.

"ரெண்டாவது கடைக்காரர் இன்னைக்குத் திறந்திருப்பாரா?"

22/
சாயங்காலமே கொடுத்தோம். பழைய லேப்டாப் என்னுதுங்கிறதால ரிப்பேர் பில்லை நான் கட்டுறதுக்கு அத்தானும் ஒத்துக்கிட்டார். "அதுவரைக்கும் சரி மாப்ள."

ரெண்டு நாள் கழிச்சு வந்தது. ஆன் பண்ணினோம். 18 நொடி. அவன் மறுபடி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தான். வேலரன்ட் ஒரு மணி நேரம் ஓடின பிறகும் 82 டிகிரி, திக்கல. சார்ஜ் மூணு மணி நேரம் நிக்குது, கேம் இல்லாம. டச்பேடு பழையபடி 'டிக்'னு அமுங்குது. நீட்டிக்கப்பட்ட அப்டேட்டில் சேர்ந்தாச்சு. மெத்தைக்குப் பதிலா ஒரு மரப்பலகை. அது அத்தான் கடையில் சும்மா கிடந்தது.

பழைய ஹார்ட் டிஸ்க்கை இனி எதுக்கும் நம்புறதில்லைன்னு முடிவு பண்ணிட்டோம்.

23/
தீராதது என்னன்னும் சொல்லணும். ஃபேன் சத்தம் அப்படியேதான் இருக்கு. ஸ்கிரீன் மங்கல்தான். ரூம்ல மத்த பசங்க புது கேம் விளையாடும்போது இவன் வேடிக்கைதான் பார்க்கணும், அது அவனுக்கு வலிக்கத்தான் செய்யும். 19 வயசுல அது சின்ன விஷயம் இல்லை, அதைக் கிண்டல் பண்ணாதீங்க. அக்டோபருக்கு மேல லினக்ஸா, வேற வழியான்னு மறுபடி உட்கார்ந்து பேசணும். நாளைக்கே போர்டு போனா, போட்டதில் எஸ்எஸ்டி மட்டும்தான் கைக்குத் திரும்பும். அந்த அபாயத்தைத் தெரிஞ்சேதான் ஏத்துக்கிட்டோம்.

24/
எப்போ செலவே பண்ணக் கூடாது?

• போர்டு பழுது, அல்லது ஸ்கிரீனில் கோடும் கட்டமுமா வந்து கிராஃபிக்ஸ் சிப்தான்னு உறுதியானா.
• ஹிஞ்ச் உடைஞ்சு ஸ்கிரீனும் போயிருந்தா.
• உங்க படிப்புக்கோ வேலைக்கோ வேண்டிய மென்பொருள் இந்த கிராஃபிக்ஸில் ஓடவே ஓடாதுன்னா. அப்போ புதுசு ஆடம்பரம் இல்லை, கருவி.
• மாசக் கணக்குல ரிப்பேர் புதுசைத் தொட்டுட்டா.

இதில் ஏதாவது ஒண்ணு இருந்தா மனசைத் தேத்திக்கிட்டு வழியனுப்பிடுங்க. சென்டிமென்டுக்கு ஒரு போட்டோ போதும்.

25/
சுருக்கமா:

1. முதல்ல காப்பி.
2. புகாரைத் தனித்தனியா எழுதுங்க.
3. உப்பின பேட்டரின்னா மத்ததெல்லாம் அப்புறம்.
4. டிஸ்க், ரேம், வெப்பம் மூணையும் அளந்து பார்த்துட்டு வாங்குங்க. என்னை மாதிரி போன்ல மருந்து எழுதாதீங்க.
5. கிராஃபிக்ஸ் சிப் மாறாது.
6. எத்தனை மாசத்துக்கு வேணும்? மாசத்துக்கு எவ்வளவு?
7. அந்தப் பணம் எங்கிருந்து வருது?

ஏழாவதை எந்த டெக் வீடியோவிலும் சொல்ல மாட்டாங்க. வீட்ல யாரும் சொல்லவும் மாட்டாங்க. நீங்கதான் கேட்கணும்.

26/
நேத்து அத்தான் போன் பண்ணினார். சீட்டை எடுக்கல. ஜூன் வரைக்கும் கட்டிட்டு அப்புறம் எடுக்கிறாராம், தள்ளும் குறையும். சின்னவ என்ன படிக்கப் போறாள்னு கேட்டேன். "அவளுக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸாம் மாப்ள"ன்னார்.

அந்த லேப்டாப்புக்கு அடுத்து யார் வர்றாங்கன்னு இப்பவே தெரிஞ்சு போச்சு. பாவம், அதுக்கு இன்னும் ரிட்டயர்மென்ட் கிடைக்கல.

உங்க லேப்டாப் மாடல், என்ன தொந்தரவு, எதுக்கு வேணும், இந்த மூணையும் கமெண்ட்ல எழுதுங்க. ஓபி முடிச்சுட்டு வந்து பதில் சொல்றேன். "ஸ்லோவா இருக்கு டாக்டர்"ன்னு மட்டும் எழுதினா, தனித்தனியா எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பிடுவேன்.